சந்தேகம்: அண்ணன்

பொது ஆவண அலுவலகத்தின் பெரிய கதவுக்கு மேலே 'ஆவணங்கள் அனைவருக்கும் திறந்திருக்கும்' என்று எழுதியிருந்தது. கதவு பூட்டியிருந்தது. சாவி தொலைந்து பல காலமாயிற்று. புதுச் சாவி செய்ய வேண்டுமானால் பழைய சாவி தொலைந்ததற்கான கோப்பு வேண்டும். அந்தக் கோப்பு பெரிய கதவுக்குப் பின்னால் இருந்தது. ஆகவே பொதுமக்கள் பக்கவாட்டில் இருந்த ஒரு சந்து வழியாக, வயிற்றை எக்கிக்கொண்டு ஒருக்களித்து நுழைந்தார்கள்.

சாவிக்காரர் தொழில் பழக்கத்தில் அந்தப் பூட்டை ஒரு பார்வை பார்த்தார். டீ ஆறுவதற்குள் திறந்துவிடலாம். ஆனால் அன்றைக்கு அவர் எதையும் வெளிப்படையாகத் திறக்க வரவில்லை. கடையை இழுத்துச் சாத்திவிட்டு, தொப்பியை நெற்றி வரை இறக்கிக்கொண்டு, தெரிந்த முகம் எதிரே வந்தால் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து குனிந்து வந்து சேர்ந்திருந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்கு நெஞ்சோடு சேர்ந்து முழங்காலும் குறுகுறுத்தது.

அந்த வட்டாரத்தில் பாதி வீட்டுக்குச் சாவி செய்து கொடுத்தவர் அவர். அவரிடம் ஒரு நியாயம் உண்டு. வீட்டுக்குச் சொந்தக்காரர் நேரில் வந்து நிற்காமல் மாற்றுச் சாவி வெட்டமாட்டார். "நம்ம கையில இருக்கிறது இரும்பு இல்ல, அடுத்தவன் தூக்கம்" என்று வாடிக்கையாளர்களுக்கு உபதேசமும் செய்வார். அப்படிப்பட்ட மனிதர் இப்போது சொந்த அண்ணன் குடியிருக்கும் வீட்டின் பதிவை, அண்ணனுக்குத் தெரியாமல் பார்க்க வந்திருந்தார்.

எல்லாம் மனைவி கிளப்பியது என்று சொல்லித் தப்பிக்கலாம். அவரும் வழி நெடுக அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

"உங்க அண்ணன் ரெக்கார்டு ஆபீஸ்ல இருந்து வெளிய வந்ததை எங்க சித்தப்பா பாத்தாராம். தலையைக் குனிஞ்சுகிட்டு வந்தாராம். உங்க அப்பா வீட்டைத் தன் பேருக்கு மாத்திட்டாரோ என்னவோ" என்றாள் மனைவி.

"அவரு எப்பவுமே குனிஞ்சுதான் நடப்பாரு. லேத்துல நின்னு நின்னு முதுகு அப்படி ஆயிடுச்சு."

"அப்ப போய்ப் பாத்துட்டு வாங்க. பாக்கிறதுல என்ன தப்பு? நாம வாடகை வீட்டுலயே கெடந்து சாகணும்னு தலையெழுத்தா?"

அப்பா இறந்தபோது இவருக்கு மீசை கூட முளைக்கவில்லை. அண்ணன் படிப்பை விட்டுவிட்டு லேத் பட்டறைக்குப் போனார். கையில் இரும்புச் சீவல் ஏறிய புண்ணோடு வந்து தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். சாவி வெட்டும் இயந்திரத்தை வாங்கிக் கொடுத்து, "இனிமே நீ யாருக்கும் கை கட்டி நிக்க வேணாம்" என்றவரும் அவர்தான். இதையெல்லாம் நினைத்தபோது சாவிக்காரருக்கு அந்தச் சந்திலிருந்து அப்படியே பின்னால் உருவிக்கொண்டு வந்துவிடலாமா என்று இருந்தது. ஆனால் பின்னால் ஒரு பருத்த ஆள் ஏற்கெனவே நுழைந்துவிட்டிருந்தார். முன்னால் போவதைத் தவிர வழியில்லை.

விசாரணைக் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அம்மையார் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வீட்டோட பதிவைப் பாக்கணும்மா" என்றார் சாவிக்காரர்.

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மாங்கிற காரணத்தை எடுத்துட்டாங்க. எல்லாரும் அதையே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. இப்ப நாலு காரணம்தான் இருக்கு. வாங்குறது, விக்கிறது, ஆராய்ச்சி, சந்தேகம்."

"ஆராய்ச்சின்னு போட்டுக்கங்க."

"ஆராய்ச்சியோட முடிவு என்ன?"

"பாத்தாத்தானேம்மா முடிவு தெரியும்?"

"முடிவு தெரியாத ஆராய்ச்சிக்கெல்லாம் இங்க அனுமதி கெடையாது."

சாவிக்காரர் கண்ணாடியில் இருந்த ஓட்டைக்கு அருகே வாயைக் கொண்டுபோய், "சந்தேகம்" என்றார்.

"யாரு மேல?"

"அண்ணன் மேல."

"கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேக்கல. சத்தமா சொல்லுங்க."

"அண்ணன் மேலம்மா!"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மையார் மட்டும் பார்க்கவில்லை. அவர் ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து, அழகான கையெழுத்தில் 'சந்தேகம்: அண்ணன்' என்று எழுதி, கயிறு கோத்து நீட்டினார்.

"கழுத்துல மாட்டிக்கங்க."

"கட்டாயம் மாட்டணுமாம்மா?"

"ஆவணம்னா ரகசியம் ஐயா. கண்டவங்களும் வந்து பாத்துட்டுப் போக முடியுமா? யாரு யாரோடதைத் தேடுறாங்கன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான் ரகசியத்துக்குப் பாதுகாப்பு."

வாங்குகிறவர்களுக்கு நீல அட்டை. அவர்களுக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. விற்கிறவர்களுக்குப் பச்சை, அவர்களுக்கு ஜன்னலோரம். மஞ்சள் அட்டைக்காரர்களுக்குக் கூடத்தின் நட்டநடுவே, எல்லாப் பக்கமும் தெரிகிற மாதிரி ஒரு பெஞ்சு. அங்கே 'சந்தேகம்: மாமியார்' என்று ஒரு பெண் இருந்தாள். 'சந்தேகம்: மனைவி' என்று ஒருவர் இருந்தார். அவருக்குப் பக்கத்திலேயே 'சந்தேகம்: கணவர்' உட்கார்ந்து, ஒரே பொட்டலத்திலிருந்து இருவரும் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

"தனித்தனியா வந்தா பஸ் செலவு கூட" என்று அந்தக் கணவர் விளக்கம் சொன்னார். பிறகு இவருடைய அட்டையைப் படித்துவிட்டு, "அண்ணன்தானா? அது சாதாரணம். போன வாரம் ஒருத்தர் 'சந்தேகம்: நான்'னு மாட்டியிருந்தாரு. பாவம், ஞாபக மறதி" என்றார்.

சாவிக்காரர் அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டார். பின்பக்கத்திலும் அதையே எழுதியிருந்தார்கள். அரசு வேலை என்றால் அரைகுறையாக இருக்கும் என்று யார் சொன்னது?

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. அந்த அலுவலகத்தில் ஒழுங்காக வேலை செய்கிற ஒரே கருவி அதுதான். அறிவிப்பு எழுத்தர் குரலுக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர். செய்தி வாசிக்கப் போயிருக்க வேண்டியவர் என்று எல்லாரும் சொல்வார்கள், அவரும் சொல்வார்.

"அனைவரின் கனிவான கவனத்திற்கு. சாவி செய்யும் தொழில் புரிபவர், தம்மை வளர்த்து ஆளாக்கிய தமையனார் மீது சந்தேகம் கொண்டு, அவர் வசிக்கும் இல்லத்தின் பதிவை அவர் அறியாமல் காண விழைகிறார். ஆட்சேபணை உள்ளோர் தெரிவிக்கலாம். நன்றி, வணக்கம்."

'வளர்த்து ஆளாக்கிய' என்பது அவர் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பம் கேட்காதது. உறவு பற்றிய கேள்விக்கு அவர் மனம் கேளாமல் ஓரத்தில் எழுதிவைத்ததை எழுத்தர் விடாமல் சேர்த்துக்கொண்டார். சாவிக்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. பொய்யாக ஒரு வார்த்தை இருந்திருந்தாலும் எழுந்து சண்டை போட்டிருக்கலாம்.

மின்விசிறிக்குக் கீழேயிருந்து நீல அட்டையோடு மருந்துக்கடைக்காரர் எழுந்து வந்தார். அண்ணனுக்கு முதுகுவலி மாத்திரை கொடுப்பவர்.

"சாவிக்காரரே, நீங்களா? அவரு மேலயா?"

"இல்லைங்க, ஒரு விஷயமா..."

"நான் ஏன் அவருகிட்ட சொல்லப் போறேன்? எனக்குத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்க மாட்டேன்" என்றார் மருந்துக்கடைக்காரர். ஆனால் திரும்பிப் போகும்போது, வழியில் கிடந்த எதையோ மிதித்துவிட்டவரைப் போல ஒரு முறை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

மதியத்துக்கு மேல் பதிவாளர் அறைக்குள் கூப்பிட்டார்கள். பதிவாளர் மேஜையில் ஒரு கோப்புகூட இல்லை. துடைத்து விட்ட மாதிரி இருந்தது. அதைச் சாவிக்காரர் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவர் பெருமிதத்தோடு பேச ஆரம்பித்தார்.

"என்ன பாக்குறீங்க? நான் பதவிக்கு வந்ததுல இருந்து இந்த அலுவலகத்துல ஒரு கோப்பு கிழிஞ்சதில்ல, ஒரு பக்கம் மடங்குனதில்ல. காரணம் என்ன? யாரும் தொட்டதில்ல. முன்னாடி இருந்தவரு காலத்துல வர்றவன் போறவன்லாம் கோப்பைப் புரட்டிப் பாத்துட்டுப் போனான். அதுக்கா ஆவணம்? ஆவணம்ங்கிறது வருங்காலத் தலைமுறைக்குய்யா. அவங்க வந்து கேட்டாலும் நாங்க அதுக்கு அடுத்த தலைமுறையை நெனச்சுப் பாப்போம்."

"ஒரே ஒரு பேரு மட்டும் தெரிஞ்சாப் போதுங்க."

"தெரியும், தெரியும். நீங்க கேட்டா நாங்க காட்டித்தான் ஆகணும். சட்டம். ஆனா பண்பாடுன்னு ஒண்ணு இருக்கில்ல? ஒருத்தரு வீட்டுக் கோப்பை அவருக்குத் தெரியாம தொறக்கலாமா? நீங்களே சொல்லுங்க, உங்க தொழில்ல செய்வீங்களா?"

சாவிக்காரரால் தலை நிமிர முடியவில்லை.

"அதனால இங்க ஒரு நடைமுறை. பதிவுல யாரு பேரு இருக்கோ அவருக்கு ஆள் அனுப்பிக் கூட்டிட்டு வந்து, அவரை எதிர்ல உக்கார வெச்சு, அதுக்கப்புறம்தான் கோப்பைத் தொறப்போம். யாரு பேருன்னு அதுவரைக்கும் உங்களுக்குச் சொல்ல மாட்டோம். ரகசியம்."

சாவிக்காரருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய கதை ஆயிற்று. அண்ணன் இந்த அறைக்கு வருவார். மஞ்சள் அட்டையைப் படிப்பார். வாய் விட்டுப் படித்தாலும் படிப்பார்; படிப்பு விட்டுப்போனதில் அவருக்கு எழுத்தைக் கூட்டித்தான் படிக்க வரும்.

"வேணாங்க. நான் போயிடுறேன். பாக்க வேணாம்."

"தாராளமா! நெறய பேரு இந்தக் கட்டத்துல வாபஸ் வாங்கிடுவாங்க. அதையெல்லாம் நாங்க 'திருப்தியுடன் முடிந்தவை'ன்னு கணக்குல சேர்த்துடுவோம். ஒரே ஒரு சம்பிரதாயம். நீங்களே மைக்குக்கு முன்னாடி நின்னு, எதுக்காகத் தேடினேன், எதுக்காக விட்டேன்னு கூடத்துக்குச் சொல்லணும். அவ்வளவுதான்."

சாவிக்காரர் கதவு இடுக்கு வழியாகக் கூடத்தைப் பார்த்தார். வேர்க்கடலைத் தம்பதி, 'மாமியார்' அட்டைக்காரி, மருந்துக்கடைக்காரர். இவர்கள் முன்னால் நின்று, 'என்னை வளர்த்தவரைச் சந்தேகப்பட்டேன், இப்போது வெட்கமாக இருக்கிறது' என்று சொல்ல வேண்டும். உண்மை அதுதான். வாய் திறந்தால் முடிந்துவிடும் வேலை. ஆனால் அந்த வாய் திறக்கவில்லை. அண்ணன் ஒருவர் முன்னால் தலைகுனிவதா, ஊர் முன்னால் தலைகுனிவதா என்று கணக்குப் போட்டார். அண்ணன் மன்னித்துவிடுவார் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். மன்னிக்கிறவர்களுக்குத் துரோகம் செய்வதுதானே எப்போதும் சுலபம்.

"சரி, ஆளை அனுப்புங்க" என்றார்.

சேவகர் மூடிய உறையை வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். சாவிக்காரர் அறை மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வசனம் தயார் பண்ணினார். 'அண்ணே, இவ அனுப்பிட்டா.' சீ, பெண்டாட்டி முதுகில் ஒளிவதா? 'அண்ணே, வரி கட்டலாம்னு வந்தேன்.' கழுத்தில் மஞ்சள் அட்டை தொங்கும்போது என்ன வரி? கடைசியில், ஒன்றும் சொல்லாமல் காலில் விழுந்துவிடுவது என்று முடிவெடுத்து, ஸ்டூலை எட்டி நகர்த்தித் தரையில் இடமும் பார்த்து வைத்துக்கொண்டார்.

கதவு திறந்தது. உள்ளே வந்தது ஒரு பெண். வெள்ளைக் கோட்டுப் போட்ட பல் டாக்டரம்மா; முகமூடியைத் தாடைக்கு இறக்கி விட்டிருந்தாள்.

"சீக்கிரம் சொல்லுங்க. ஒருத்தரை வாயைத் தொறந்து வெச்சுட்டு வந்திருக்கேன்" என்றாள்.

பதிவாளர் அவளை உட்காரச் சொன்னார். பின்னாலிருந்து கோப்பு வந்தது. அவர் கையுறை மாட்டி, அதைத் திறந்து, மந்திரம் போல வாசித்தார். வீட்டின் சொந்தக்காரர் அச்சக முதலாளி ஒருவர். காலமாகிவிட்டார். வாரிசு, ஒரே மகள், இந்த டாக்டரம்மா.

"இல்லைங்களே! எங்க அப்பா அந்த அச்சகத்துலதான் வேலை பாத்தாரு. முதலாளிகிட்ட இருந்து அந்த வீட்டை வாங்குனாரு. சம்பளத்துல பிடிச்சுக்கிட்டாங்க. கையெழுத்துப் போட்ட பத்திரம் எங்க அண்ணன்கிட்ட இருக்கு" என்றார் சாவிக்காரர்.

"வாங்கியிருக்கலாம். பதிஞ்சாரா?" என்று கேட்டார் பதிவாளர்.

சாவிக்காரர் கோப்பை எட்டிப் பார்த்தார்.

"பதியல. இங்க பதியாத எதுவும் உலகத்துல நடக்கலய்யா. உங்க அப்பா வீடு வாங்கல. அந்த வீட்டுல நீங்க பொறக்கவும் இல்ல. எதுவா இருந்தாலும் கோர்ட்ல போய்ப் பேசிக்கங்க" என்றார் பதிவாளர், ஆறுதல் சொல்கிற குரலில்.

ஒரு நிமிஷம் சாவிக்காரருக்கு அப்படியே நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அண்ணன் மாற்றவில்லை! அண்ணன் ஒரு பாவமும் அறியாதவர்! எழுந்து ஆடலாம் போலிருந்தது. அடுத்த நிமிஷம் அந்தச் சந்தோஷத்துக்கு என்ன விலை என்று உறைத்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயிற்று. அண்ணன் தலைக்கு மேலே இத்தனை காலம் சத்தமில்லாமல் நின்ற கூரையைத் தம்பி ஆள் வைத்துக் கூப்பிட்டு இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டார்.

"எங்க அப்பா இந்த வீட்டைப் பத்திச் சொன்னதே இல்லையே" என்ற பல் டாக்டரம்மா இவர் பக்கம் திரும்பினாள். அவள் கண் மஞ்சள் அட்டையில் ஒரு கணம் நின்றது. "ரொம்ப நன்றிங்க. என் கிளினிக் மாடியில இருக்கு. வயசானவங்க ஏற முடியாம கீழ நின்னே பல்லைப் பிடிச்சுட்டு அழுவாங்க. கீழ்த்தளத்துல ஒரு இடம் தேடிட்டே இருந்தேன்." கெட்டவளாகத் தெரியவில்லை. அதுவும் சாவிக்காரருக்கு உதவியாக இல்லை.

சொத்தை உரியவரிடம் சேர்ப்பிக்க உதவிய குடிமகன் என்று அவருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். இத்தனை வருஷத்தில் முதன்முதலாக ஒரு கோப்பு திறந்த நாள் என்பதால் எழுத்தர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒலிபெருக்கி அவர் புகழைக் கூடத்துக்குச் சொன்னது. மஞ்சள் பெஞ்சில் இருந்தவர்கள் பொறாமையோடு பார்த்தார்கள். வெளியே வருகிறபோது கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அம்மையார், "அட்டையைக் குடுத்துட்டுப் போங்க. அடுத்த அண்ணனுக்கு ஆகும்" என்றார்.

அண்ணன் வீட்டுக்குப் பஸ் இருந்தது. சாவிக்காரர் நடந்தே போனார். பாராட்டுப் பத்திரத்தை வழியில் சாக்கடையில் போட்டார். போய்ச் சேராமலிருக்க எத்தனை தெரு சுற்ற முடியுமோ அத்தனையும் சுற்றினார். ஆனால் கால்களுக்குப் பழகிய வழி. கடைசியில் கொண்டுபோய் விட்டுவிட்டன.

அவருக்கு முன்னால் பல் டாக்டரம்மா வந்துவிட்டிருந்தாள். முன்னறையில் கையை நீட்டி, நோயாளி நாற்காலியை எங்கே போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "இந்தப் பக்கம் மத்தியானம் வெயில் அடிக்கும்மா, நாற்காலியை அங்க போடுங்க" என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் வாசற்படியில் நின்றார். பட்டறையிலிருந்து நேரே வந்தவர். கையில் எண்ணெய்க் கறை.

"அண்ணே" என்றார் சாவிக்காரர்.

"தெரியும்டா. அந்தம்மா சொல்லிச்சு. தப்பு என் மேலதான்" என்றார் அண்ணன்.

"உங்க மேலயா?"

"அப்பா சாகும்போதே எங்கிட்ட சொன்னாரு. பதியலடா, முதலாளி வாக்கு மாற மாட்டாருன்னு. நான் உங்கிட்ட சொல்லல. நாம பேசாம இருந்தா வீடும் பேசாம இருக்கும்னு நெனச்சேன். அப்புறம் மனசு கேக்கல. எங்களுக்கு என்ன, புள்ளையா குட்டியா? ஒருவேளை முதலாளியே அப்பா பேருக்குப் பதிஞ்சு வெச்சிருந்தா முழு வீட்டையும் உன் பேருக்கு எழுதிடலாம்னு நானும் ஒரு நாள் அந்த ஆபீஸுக்குப் போனேன். பதிவுல இருக்கிறவங்களைக் கூப்பிடுவோம்னு சொன்னாங்க. கூப்பிட்டா வீடு போயிடுமேன்னு வாபஸ் வாங்கிட்டேன். மைக்ல நின்னு 'எனக்குப் பயமா இருக்கு'ன்னு சொன்னேன். கூடமே சிரிச்சுது. சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும், வீடு நின்னா சரின்னு வந்துட்டேன்."

சாவிக்காரர் 'என்னைச் செருப்பால அடிங்கண்ணே' என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் அண்ணன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டு, வீடு போன அந்த நேரத்திலும், லேசாகச் சிரித்தார்.

"நீயும் அதுக்குத்தானேடா போன? உன் பங்கை எனக்கு எழுதிக் குடுக்க?"

"நான்தான் சொன்னேன், தம்பி அதுக்குத்தான் போயிருக்கும்னு. அது மனசு எனக்குத் தெரியாதா?" என்றார் அண்ணி உள்ளிருந்து.

பல் டாக்டரம்மா திரும்பி சாவிக்காரரைப் பார்த்தாள். அந்த மஞ்சள் அட்டையைப் படித்தவள் அவள் ஒருத்திதான் அங்கே. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆமாண்ணே" என்றார் சாவிக்காரர்.

அண்ணன் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அவர் தோளில் போட்டார்.

"வீடு போனாப் போகுது. இது போதும்டா எனக்கு" என்றார்.